தீயணைப்பு வேலைக்கு அப்ளிகேஷன் போட இருக்கிறவர்களுக்கு: திருமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

இலங்கையில் தீயணைப்பு, பொலிஸைப் போல ஒரே தலைமையகத்தின் கீழ் நடக்கிற சேவை இல்லை. ஒவ்வொரு ஊரின் தீயணைப்புப் பிரிவும் அந்தந்த ஊர்ச் சபையினுடையது. கொழும்புக்குக் கொழும்பு மாநகர சபை, யாழ்ப்பாணத்துக்கு யாழ். மாநகர சபை, திருகோணமலைக்கு இங்குள்ள சபை. இது தெரியாமல்தான் பலர் கச்சேரிக்கும் பொலிசுக்கும் அலைகிறார்கள். கச்சேரியில் கேட்டால், "இங்க இல்லைத் தம்பி, சபையில கேளுங்கோ" என்பார்கள். சபையில் கேட்டால், "ஆள் எடுக்கிறது மாகாணம்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. லொறியும் நிலையமும் அன்றாட வேலையும் சபையின் பொறுப்பு. நிரந்தரப் பதவிக்கு ஆள் எடுப்பது கிழக்கு மாகாண அரச சேவையின் ஆட்சேர்ப்புத் திட்டத்தின்படி நடக்கும். அதற்கான மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு நம்முடைய ஊரிலேயே, கன்னியா வீதி வரோதயநகரில் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் பஸ் ஏறி வரவேண்டிய இடத்துக்கு நீங்கள் சைக்கிளில் போகலாம்.

எந்தத் தீயை அணைக்கப் போகிறீர்கள் என்பதிலும் முதலிலேயே தெளிவு வேண்டும். துறைமுகத்துக்குள் துறைமுக அதிகார சபைக்கும் கடற்படைக்கும் தங்கள் தங்கள் தீயணைப்பு ஆட்கள் உண்டு. சீனன்குடா விமானத்தளம் விமானப்படையின் பொறுப்பு. 2020 செப்ரெம்பர் 3ஆம் திகதி அம்பாறைக் கரைக்கு அப்பால் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது முன்னுக்கு நின்றவர்கள் கடற்படையினரும் இந்தியக் கரையோரக் காவற்படையினரும். சபையின் தீயணைப்பாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுத் தீ, கடைத் தீ, குப்பைமேட்டுத் தீ, கச்சான் காற்றுக் காலத்தில் புல்லும் பற்றையும் எரிவது, வீதி விபத்தில் நசுங்கிய வாகனத்திலிருந்து ஆளை எடுப்பது, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, திருவிழாக் கூட்டத்தில் லொறியோடு காத்து நிற்பது. கப்பலும் எண்ணெய்த் தாங்கியும்தான் கனவு என்றால் வேறு கதவைத் தட்டுங்கள்.

அறிவித்தல் எங்கே வரும்

வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகும் அரச வர்த்தமானியில் உள்ளூராட்சி அறிவித்தல்கள் நான்காம் பகுதியில் இருக்கும். மாகாண சபையின் இணையத்தளம், தமிழ்ப் பத்திரிகைகள், சபை வாசலில் உள்ள அறிவித்தல் பலகை ஆகியவற்றையும் பாருங்கள். முகநூலில் ஓடித்திரியும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். போன வருடத்து அறிவித்தலைத் திகதி வெட்டிப் போட்டிருப்பார்கள்.

பதவியின் பெயரைச் சரியாகப் படியுங்கள். தீயணைப்பாளர் ஒரு பதவி, தீயணைப்பு வாகனச் சாரதி வேறு பதவி, தீயணைப்பு உத்தியோகத்தர் இன்னொன்று. கல்வித் தகைமை, வயது, உயரம் மூன்றும் பதவிக்குப் பதவி மாறும். பக்கத்து வீட்டு அண்ணா 10 வருடத்துக்கு முன் எந்தத் தகைமையோடு போனார் என்பது இன்றைக்கு உதவாது. ஆண்கள் மட்டுமா, பெண்களும் போடலாமா என்பதையும் அறிவித்தல்தான் சொல்லும்.

அமைய ஊழியராகவோ ஒப்பந்தத்திலோ ஆள் எடுப்பதும் உண்டு. அதில் சேர்ந்தால் நிரந்தரமாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சேருமுன் கடிதத்தில் காலம் எவ்வளவு, நாட்சம்பளமா மாதச் சம்பளமா, காயம் பட்டால் யார் பொறுப்பு என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். "ஆளைத் தெரியும், கொஞ்சம் செலவாகும்" என்று வருகிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காசும் போகும், பேரும் கெடும்.

கடதாசிகள்: இங்கேதான் கூடுதலாக விழுகிறார்கள்

அறிவித்தல் வந்து முடிவுத் திகதிக்கு இருக்கும் நாட்களுக்குள் எல்லாவற்றையும் தேடி எடுக்க முடியாது. அறிவித்தல் இல்லாத காலத்திலேயே ஒரு கோப்பு கட்டிவையுங்கள். அதற்குள் இருக்கவேண்டியவை: பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, தேசிய அடையாள அட்டை, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழ், இரண்டு தடவை எழுதியிருந்தால் இரண்டினதும் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், விளையாட்டு மற்றும் முதலுதவிச் சான்றிதழ்கள், சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் அதுவும். கிராம உத்தியோகத்தரின் (ஜி.எஸ்.) வதிவிட, நற்சான்றிதழை மட்டும் முன்கூட்டியே எடுக்காதீர்கள். ஆறு மாதம் பழசானால் புதிதாகக் கேட்பார்கள். ஜி.எஸ். கொடுத்ததில் பிரதேச செயலாளரின் (டி.எஸ்.) மேலொப்பமும் வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம். ஜி.எஸ். ஒபிசில் இருக்கும் நாளும் டி.எஸ். ஒப்பம் வைக்கும் நேரமும் ஒத்துவராமல் ஒரு கிழமை போய்விடும், அதைக் கணக்கில் வையுங்கள்.

நம்முடைய மாவட்டத்துக்கே உரிய மூன்று சிக்கல்கள்.

முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் "சிவகுமாரன்", ஓ.எல். சான்றிதழில் "சிவகுமார்", அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல். இடம்பெயர்ந்த காலத்தில் அவசரத்தில் பதிந்த பெயர்களில் இது சாதாரணம். சின்ன வித்தியாசமென்றால் இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கிறது என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து இணைக்கலாம். பிறந்த திகதியே மாறியிருந்தால் சத்தியக் கடதாசி போதாது, பதிவிலேயே திருத்தம் செய்யவேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும்.

இரண்டாவது வதிவு. மாகாணப் பதவிகளுக்கு முடிவுத் திகதிக்கு முன்னரான 3 வருடங்கள் கிழக்கு மாகாணத்தில் நிரந்தரமாக வசித்திருக்கவேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். கட்டாரிலோ துபாயிலோ நின்றுவிட்டு வந்தவரின் பெயர் அந்த வருடங்களின் வாக்காளர் இடாப்பில் இல்லாமல் போயிருக்கலாம். ஜி.எஸ்ஸிடம் இடாப்பைப் பார்த்துவிட்டு, பெயர் விடுபட்டிருந்தால் அடுத்த மீளாய்விலாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிறப்புப் பதிவே இல்லாமல் போனவர்கள். போரில் பதிவேடுகள் அழிந்த இடங்களில் இது உண்டு. உத்தேச வயதுச் சான்றிதழுக்கு டி.எஸ். ஒபிசில்தான் விண்ணப்பிக்கவேண்டும். அதை இன்றைக்கே தொடங்குங்கள்.

படிவத்தை நிரப்புவது

மாதிரிப் படிவம் கொடுத்திருந்தால் ஏ4 தாளில், எந்த இலக்கம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களோ அப்படியே அமையுங்கள். முதல் பக்கத்தில் வரவேண்டியது இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தால் நிராகரிக்கலாம். எழுத்து மொழியையும் பாருங்கள். தமிழ்மூலம் பரீட்சை எழுதப்போகிறவர் தமிழிலேயே நிரப்புவது வழக்கம். பெயரை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் கேட்பார்கள்.

வயதை இன்றைய திகதிக்குக் கணக்கிடாதீர்கள். விண்ணப்ப முடிவுத் திகதியில் எத்தனை வருடம், எத்தனை மாதம், எத்தனை நாள் என்று எழுதவேண்டும். 2001 மார்ச் 20இல் பிறந்தவருக்கு 2026 ஜூன் 5 முடிவுத் திகதியானால் 25 வருடம், 2 மாதம், 16 நாள். விரலில் எண்ணாமல் தாளில் கழித்துப் பாருங்கள். மேல் வயதெல்லையில் ஒரு நாள் கூடினாலும் கதை முடிந்தது.

உயரத்தைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரில் ஒட்ட நின்று அளந்து எழுதுங்கள். மார்பளவுக்கு மூச்சை முழுக்க விட்டபின் ஒரு அளவு, முழுக்க இழுத்தபின் ஒரு அளவு. நேர்முகத்தில் திரும்ப அளப்பார்கள். அரை அங்குலம் கூட்டி எழுதினவர் அங்கே தலை குனிந்து நிற்கவேண்டி வரும்.

கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்துகிறவர் முன்னால்தான் கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு போனால் நல்ல சமாதான நீதவான் திருப்பி அனுப்புவார். பாடசாலை அதிபர், சமாதான நீதவான், சத்தியப் பிரமாண ஆணையாளர், சட்டத்தரணி, நொத்தாரிசு என்று யார் யார் செய்யலாம் என்பது அறிவித்தலில் இருக்கும். அவருடைய இறப்பர் முத்திரை தெளிவாக விழுந்திருக்கவேண்டும். ஏற்கெனவே அரச வேலையில் இருப்பவர் தன் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பவேண்டும். அந்த மேசையில் படிவம் தூங்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலைதான்.

கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயர். பதிவுத் தபால். பற்றுச்சீட்டை எறியாதீர்கள், அழைப்புக் கடிதம் வராதபோது கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். முடிவுத் திகதி வெள்ளி என்றால் வியாழன் தபாற்கந்தோரில் போட்டு, அது வரோதயநகருக்கு நடந்து போய்ச் சேரும் என்று நினைக்கக்கூடாது. கிடைக்கவேண்டிய திகதியா, தபால் முத்திரைத் திகதியா என்பதைப் படித்துப் பாருங்கள். மூலச் சான்றிதழை இணைக்காதீர்கள், பிரதி மட்டும்.

உடம்பு

தீயணைப்பு உடுப்பு, சப்பாத்து, தலைக்கவசம், முதுகில் மூச்சுக் கருவி எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் வரும். அதோடு படியேறவேண்டும், குனிந்து தவழவேண்டும், ஒரு ஆளை இழுத்துவரவேண்டும். ஜிம்மில் கையை மட்டும் பெருப்பித்தவர்கள் இதில் கெதியாகக் களைத்துவிடுவார்கள். தேவையானது மூச்சு, கைப்பிடி, தொடை.

12 கிழமை ஒதுக்குங்கள். முதல் 4 கிழமை, கிழமைக்கு 4 நாள், 2 கிலோமீற்றர் மெதுஓட்டம். அடுத்த 4இல் அதை 3 கிலோமீற்றராக்கி, ஒரு நாள் டச் பே மணலில் ஓடுங்கள். கடைசி 4இல் ஏற்றம். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரைக்குமான ஏற்றம் இதற்கு நல்லது. விடியப்புறம், கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல். மான்கள் சொல்லாமல் குறுக்கே பாயும், பார்த்து ஓடுங்கள். கைப்பிடிக்கு, மரக்கிளையிலோ கம்பியிலோ 30 வினாடி தொங்குவதில் தொடங்கி ஒரு நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். தூக்குவதற்கு 25 கிலோ மண்மூட்டையைத் தோளில் வைத்து 50 மீற்றர் நடங்கள். முழுச் சீமெந்துப் பை 50 கிலோ, அதற்கு அவசரப்படவேண்டாம். முதுகு பிடித்தால் மூன்று கிழமை வீணாகும்.

மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் பத்து மணிக்குப் பிறகு வெயிலில் ஓடவேண்டாம். ஆனால் உடற்தகுதித் தேர்வை மத்தியான வெயிலிலும் வைக்கக்கூடும் என்பதால், கடைசி இரண்டு கிழமை எட்டரை ஒன்பது மணி வெயிலுக்கு உடம்பைப் பழக்குங்கள்.

உயரமும் இடுக்கும் தனி விஷயம். பலசாலிகள் ஏணியில் ஐந்தாம் படியில் நின்று கால் நடுங்குவதுண்டு. தென்னையேறிப் பழகிய பையன் அலட்டிக்கொள்ளாமல் மேலே போவான். ஏணியில் எப்போதும் மூன்று புள்ளி பிடி: இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால். இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரோடு தவழ்ந்து வாசலைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே பழகலாம். மூச்சு முட்டி, உடனே கட்டை அவிழ்க்கவேண்டும் போலிருந்தால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நீச்சல் கேட்கிறார்களோ இல்லையோ, கடலும் குளமும் சூழ்ந்த மாவட்டத்தில் நீந்தத் தெரியாத தீயணைப்பாளர் அரைத் தீயணைப்பாளர்தான்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்

எழுத்துப் பரீட்சை இருந்தால் பெரும்பாலும் நுண்ணறிவும் பொது அறிவும். கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்தால் போதும். நேர்முகத்தில்தான் வேலை தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிவார்கள். இப்படி ஒரு கேள்வி வரும்:

"தம்பி, குசினியில காஸ் சிலிண்டர் வாயில நெருப்பு எரியுது. என்ன செய்வீங்கள்?"

"தண்ணி அடிச்சு அணைப்பன் சேர்" என்றால் பிழை. வால்வைப் பூட்ட முடிந்தால் பூட்டவேண்டும், நெருப்பு தானாகவே நிற்கும். பூட்ட முடியாதென்றால் சுவாலையை அணைக்கக்கூடாது. அணைத்தால் வாயு எரியாமல் வெளியே வந்துகொண்டே இருக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு பரவிப் பக்கத்து வீட்டுக் குத்துவிளக்கில் போய்ப் பற்றும். எனவே ஆட்களை விலக்கி, சுற்றியுள்ளதையும் 12.5 கிலோ சிலிண்டரின் உடலையும் தூரத்திலிருந்து தண்ணீரால் குளிராக்கிக்கொண்டு வால்வைப் பூட்ட வழி பார்க்கவேண்டும். இதை இந்த ஒழுங்கில் சொன்னால் எதிரில் இருப்பவர் பேனையை எடுப்பார்.

இதே மாதிரி, எண்ணெய்ச் சட்டியில் தீ: தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை நிறுத்தி மூடியால் மூடவேண்டும். மின்தீ: முதலில் இணைப்பைத் துண்டிக்கவேண்டும், மின்சார சபைக்கு 1987. தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இந்த ஐந்து இலக்கமும் நாக்கு நுனியில் இருக்கவேண்டும். பிரித்தானிய நடைமுறையில் அணைகருவிகளின் நிறப்பட்டியும் அப்படித்தான்: தண்ணீருக்குச் சிவப்பு, நுரைக்கு வெளிர்மஞ்சள், தூளுக்கு நீலம், காபனீரொட்சைட்டுக்குக் கறுப்பு. இதயமும் மூச்சும் நின்றவருக்கு மார்பை அழுத்துவது 30, மூச்சு கொடுப்பது 2, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன்ஸிலோ முதலுதவி பழகிய சான்றிதழ் இருந்தால் கொண்டுபோங்கள்.

காசு கட்டி "பயர் அன்ட் சேப்டி" டிப்ளோமா செய்யுமுன், அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானவையா என்று பாருங்கள். வளைகுடாவில் வேலைக்கு உதவும் சான்றிதழ் இங்கே புள்ளி தராமல் போகலாம்.

வைத்தியப் பரிசோதனையில் பலரைத் திடுக்கிட வைப்பது நிறப்பார்வை. புள்ளிப் படத்துக்குள் இலக்கம் தெரியாதவருக்கு அதுவரை தனக்கு நிறக்குருடு இருப்பதே தெரியாது. கண் கிளினிக்கில் முன்கூட்டியே ஒருதரம் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமா, குடலிறக்கம், பழைய எலும்பு முறிவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புகைக்குள் போனபின் அந்த நோய் தலைகாட்டினால் உங்களோடு போனவருக்கும் ஆபத்து.

எடுபட்டபின்

வழமையாக 3 வருடத் தகுதிகாண் காலம். அதற்குள் வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை. தமிழில் சேர்ந்தவர் குறித்த காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சியும் காட்டவேண்டும். லொறியில் சிங்களமும் தமிழும் கலந்து கதைக்கிற ஊரில் அது அவ்வளவு கஷ்டமில்லை. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வெசாக்குக்கும் வேலை இருக்கும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

பயிற்சியின் முதல் கிழமைகளில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஹோஸ். 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஹோஸ் ஒன்று 25 மீற்றர் நீளமென்றால், நிரம்பியபின் அதற்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் 96 லீற்றர், அதாவது 96 கிலோ. 45 மில்லிமீற்றரில் அது 40 கிலோதான். தண்ணீர் வருமுன் ஹோஸைப் போகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்விடச் சொல்வது இதனால்தான். நிரம்பியபின் தனியாளாய் இழுக்கமுடியாது. சுருட்டுவதிலும் முறை உண்டு. நடுவில் மடித்து, ஆண் இணைப்பி (செருகும் முனை) பெண் இணைப்பிக்கு (அதை வாங்கும் முனை) ஒரு மீற்றர் பின்னால் இருக்கும்படி வைத்து, மடிப்பிலிருந்து சுருட்டுவார்கள். ஆண் முனை உள்ளே பத்திரமாக இருக்கும். பிரித்தானிய முறை இணைப்பிகளில் பெண் முனை நெருப்புப் பக்கம், ஆண் முனை பம்ப் பக்கம். அவசரத்தில் தலைகீழாய் விரித்துவிட்டு, பம்ப் அருகே வந்து பெண் முனையும் பெண் முனையும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் புதியவரின் வழக்கமான பிழை. வேறு நாட்டிலிருந்து வந்த லொறியில் இணைப்பியே வேறாக இருக்கலாம், ஏறும் முதல் நாளே பாருங்கள்.

மூச்சுக் கருவியில் 6.8 லீற்றர் சிலிண்டர் 300 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2040 லீற்றர் காற்றைத் தரும். நிமிடத்துக்கு 40 லீற்றர் இழுத்தால் 51 நிமிடம். கடைசி 50 பார் தொடக்கூடாத கையிருப்பு, அதைக் கழித்தால் 42 நிமிடம். பதறி மூச்சு வாங்குகிறவருக்கு அதில் பாதிதான். காற்றுக் குறைந்துவிட்டது என்று கருவி விசில் அடித்தபின் வெளியே வரத் தொடங்குவது பிந்தியதுதான், அழுத்தமானியைப் பார்த்துத் திரும்பும் நேரத்தை முன்னரே கணக்குப் பண்ணவேண்டும். தாடி இருந்தால் முகமூடியின் இறப்பர் ஓரம் தோலில் ஒட்டாது, புகை உள்ளே வரும். விரதத்துக்கோ மார்க்கத்துக்கோ வைத்திருப்பவர்கள் சேருமுன்னே மேலதிகாரியோடு கதைத்து, எந்தக் கடமை தரமுடியும் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் கடல்நீரைப் பம்பில் இழுப்பது இங்கே அடிக்கடி நடக்கும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏழு மீற்றருக்குள் நிற்கவேண்டும், அதற்கு மேல் உறிஞ்சாது. உறிஞ்சு குழாயில் ஓர் இணைப்பு சரியாய் இறுகாவிட்டாலும் காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. வடிகட்டியை மணலில் படுக்க விடக்கூடாது. வேலை முடிந்து வந்ததும், களைப்பு எவ்வளவு என்றாலும், நல்ல தண்ணீர் ஓடவிட்டுப் பம்பையும் ஹோஸையும் கழுவவேண்டும். கடல்நீர் ஓர் இரவு உள்ளே நின்றால் உப்பு பிடித்து வால்வு இறுகும், அடுத்த அழைப்புக்குப் பம்ப் தண்ணீர் எடுக்காது. புதியவர்களிடம் முதலில் ஒப்படைக்கப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கழுவும் வேலைதான்.